மூக்கில் மெலனோமா: "கத்தி பட்டால் பரவிவிடுமா?" என்று கேட்ட மகளுக்கு

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 64 வயது, விவசாயம். ஆடி மாதத்திலிருந்து வலது மூக்கு மட்டும் அடைப்பு, விடிகாலையில் தலையணையில் ரத்தத் துளி. மூன்று இடத்தில் சைனஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். நான்காவது இடத்தில் "சதை வளர்ந்திருக்கிறது" என்று ஒரு துண்டு எடுத்து அனுப்ப, ரிப்போர்ட்டில் மெலனோமா என்ற புற்றுநோய் என வந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க வெயிலில் வேலை செய்ததால் வந்ததா, கத்தி பட்டால் பரவிவிடும் என்று சித்தப்பா சொல்வது நிஜமா, ஆபரேஷன் இல்லாமல் புது ஊசியிலேயே சரி செய்ய முடியுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தபோது, நாம் தாமதித்துவிட்டோமா, இனிமேலும் ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் உங்கள் மனதில் இருப்பதாகப் பட்டது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆட்களை 23 வருடமாகப் பார்க்கிறேன். படிப்பு முடிந்த கையோடு தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இத்தனை காலத்தில் மூக்கு மெலனோமா என்று உறுதியாகி என் கைக்கு வந்தவர்கள் ஆறு பேர்தான், அவ்வளவு அரிது. புற்றுநோய் மருந்து என் துறை இல்லை; அந்தப் பகுதியைப் படித்ததையும், கூட இருந்து பார்த்ததையும் வைத்துத்தான் சொல்ல முடியும். உங்கள் அப்பாவின் மூக்கையோ ஸ்கேனையோ நான் பார்க்கவில்லை. ஆகவே எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிறேன். அவருக்கு எது பொருந்தும் என்பதை அவரை நேரில் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வெயில் காரணம் இல்லை. இதை உறுதியாகச் சொல்லலாம். தோலுக்கு நிறம் தருகிற மெலனோசைட் செல்கள் தோலில் மட்டும் இருப்பதில்லை; கரு வளரும்போதே நரம்பு மண்டலம் உருவாகிற இடத்திலிருந்து கிளம்பி மூக்கு, வாய், மலக்குடல் போன்ற ஈரமான உள்சவ்வுகளிலும் போய்க் குடியேறுகின்றன. மூக்குக்குள் இருக்கும் அந்தச் செல்லில் புற்று பிடித்தால் அதுவும் மெலனோமாதான். ஆனால் தோலில் வருவதற்கும் இதற்கும் பெயரும் செல்லும் ஒன்று, நடத்தை வேறு. தோல் மெலனோமாவில் வெயில் உண்டாக்கும் மரபணுச் சேதம் இதில் அப்படித் தெரிவதில்லை. மேற்கு நாடுகளில் 100 மெலனோமாவில் ஒன்றிரண்டுதான் உள்சவ்வில் வருகிறது, அதில் ஏறக்குறைய பாதி தலை, கழுத்துப் பகுதியில். நம்மைப் போன்ற ஆசியர்களிடம் தோல் மெலனோமா குறைவு என்பதால் மொத்தத்தில் உள்சவ்வு வகையின் பங்கு பெரிதாகத் தெரியும். பெரும்பாலும் 60, 70 வயதுக்காரர்களுக்கு வருகிறது. மூக்குப்பொடி, தைலம், பூச்சிமருந்து, அடுப்புப் புகை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றைக் காரணம் காட்டுவார்கள். எதுவும் நிரூபணம் ஆகவில்லை. அப்பா எதையோ செய்ததால் வந்தது என்ற பேச்சை வீட்டில் எடுக்கவே வேண்டாம்.

தாமதம் பற்றி. நம் டெல்டாவில் மூக்கில் ரத்தம் வருகிற சதை என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது மெலனோமா இல்லை. குளத்தில் குளிக்கிற ஊர்களில் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் ஒன்று உண்டு. பூஞ்சை என்று நெடுங்காலம் நம்பப்பட்ட ஓர் உயிரியால் வருவது. ஆடு மாடும் ஆளும் இறங்குகிற தேங்கின தண்ணீரிலிருந்து மூக்கில் ஏறும். அதில் வளரும் சதை சிவப்பாக, மேலே வெள்ளை ரவை தூவின மாதிரி புள்ளிகளோடு இருக்கும், தொட்டால் ரத்தம் கொட்டும். 2021இல் பார்த்த கருப்புப் பூஞ்சை வேறு; கட்டுப்படாத சர்க்கரை இருப்பவர்களுக்கு மூக்குக்குள் கருத்துப்போன பொருக்கு. பொடி போடுகிறவர்களின் சளியும் கருப்பாகத்தான் இருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் மெலனோமா ஒளிந்துகொள்கிறது. அதிலும் கணிசமான பங்கு, சில தொகுப்புகளில் மூன்றில் ஒன்று வரை, நிறமே இல்லாமல் வெளிர் ரோஜா நிறத்தில் சாதாரணச் சதை மாதிரி இருக்கும். உங்கள் அப்பாவை முதலில் பார்த்தவர்கள் சைனஸ் என்று நினைத்ததை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது மாத்திரைச் சீட்டுக்கு முன்னால் யாராவது ஒருவர் எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்) உள்ளே விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெரியம்மாவிடம். பாபநாசம் பக்கம், 71 வயது. "மை மாதிரி ஒழுகுது தம்பி, விறகு அடுப்புக் கரிதான் போல" என்று சொல்லிக் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். வெள்ளைத் துணியில் பேனா மை கசிந்தது போல இரண்டு கோடு. நான் தனியாகத் தொழில் தொடங்கி மூன்றாவது வருடம். ஆன்டிபயாடிக் எழுதி இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். திரும்ப வந்தபோது எண்டோஸ்கோப் விட்டேன். மூக்கின் பக்கச் சுவரில், நடு மடிப்புக்குக் கீழே, நாவல்பழத் தோல் நிறத்தில் ஒரு கட்டி. பஞ்சு நுனி பட்டதும் ரத்தம். அந்த இரண்டு வாரத்தால் அவருடைய ஆயுள் மாறியிருக்காது என்று மூத்த மருத்துவர்கள் எனக்குச் சொன்னார்கள். ஆனாலும் அன்றிலிருந்து, 40 வயதுக்கு மேல் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, கூடவே ரத்தம் என்று யார் வந்தாலும் முதல் நாளே உள்ளே பார்த்துவிடுகிறேன். அலர்ஜியால் வரும் சதை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் என்பதுதான் முதல் எச்சரிக்கை. கன்னம் மரத்துப்போவது, பல் ஆடுவது, கண் முன்னே தள்ளுவது எல்லாம் பிறகு வருபவை.

சரி, இப்போது கையில் ரிப்போர்ட் இருக்கிறது. அடுத்த ஆபரேஷன் தேதியை வாங்குவதற்கு முன் ரிப்போர்ட்டை இன்னொரு முறை படிக்க வைக்க வேண்டும். நிறம் இல்லாத மெலனோமா மைக்ராஸ்கோப்பில் நிணநீர்ப் புற்று, வாசனை நரம்பில் வரும் கட்டி, இன்னும் சில சின்ன உருண்டைச் செல் புற்றுகள் மாதிரியே தெரியும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. நிணநீர்ப் புற்றாக இருந்தால் ஆபரேஷனே வேண்டியிருக்காது. இதைப் பிரிக்க எஸ்-100, சாக்ஸ்-10, ஹெச்எம்பி-45, மெலன்-ஏ என்ற சாயச் சோதனைகள் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா பாருங்கள். இல்லாவிட்டால் சோதனை செய்த லேபில் கண்ணாடி ஸ்லைடையும், மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் அப்பாவின் சதை, கேட்டால் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்து வாங்கி, பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். மெழுகு உருகும், வெயிலில் நிற்கிற வண்டியில் வைக்காதீர்கள்.

அப்புறம் ஸ்கேன். சிடி எலும்பு அரித்திருக்கிறதா என்று காட்டும். எம்ஆர்ஐ மூளைப் பக்கமும் கண் பக்கமும் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும். நிறமுள்ள மெலனோமாவுக்கு எம்ஆர்ஐயில் ஒரு அடையாளம் உண்டு. மற்ற கட்டிகள் மங்கலாகத் தெரியும் டி1 என்ற எம்ஆர்ஐ பட வகையில் இது வெளிச்சமாகத் தெரியும்; மெலனின் என்ற நிறப்பொருள் காந்தப்புலத்தில் நடந்துகொள்ளும் விதம் அப்படி. ஆனால் சதை எடுத்த சில நாளில் உறைந்த ரத்தமும் அதே மாதிரி வெளிச்சமாகத் தெரியலாம். அதனால் எந்தத் தேதியில் சதை எடுத்தார்கள் என்பதை ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அவசியம் சொல்லுங்கள். நுரையீரல், ஈரல், எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க உடம்பு முழுக்கப் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். மூளையைப் பெட் ஸ்கேன் சரியாகக் காட்டாது, தலைக்கு எம்ஆர்ஐதான். கூடவே காசு செலவில்லாத ஒரு வேலை: அப்பாவின் காலைச் சேறு போகத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளங்கால், விரலிடுக்கு, நகத்தடி எல்லாம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஆட்களுக்குத் தோல் மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. வேறிடத்தில் தொடங்கி மூக்குக்கு வருவது அபூர்வம், ஆனாலும் பார்த்துவிட வேண்டும். கருப்புத் தடம் எதுவும் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணையும் ஒரு கண் மருத்துவர் பார்க்கட்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் நோயின் நிலை டி3 என்று எழுதியிருந்தால் பதறாதீர்கள். இந்த நோய்க்கு டி1, டி2 என்ற நிலைகளே கிடையாது (மேலே சொன்ன எம்ஆர்ஐயின் டி1 வேறு). சவ்வோடு நிற்கிற மிகச் சிறிய கட்டிக்கும் கணக்கு டி3இல்தான் தொடங்கும், அவ்வளவு பொல்லாத நோய் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். எலும்பு, குருத்தெலும்பு, மேல்தோல் தொட்டிருந்தால் டி4ஏ. மூளை, மூளை உறை, மண்டை ஓட்டின் அடித்தளம், பெரிய ரத்தக்குழாய் என்று போயிருந்தால் டி4பி. உங்களுக்கு முக்கியமான எல்லைக்கோடு இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஏனென்றால் டி4பியில் முழுதாக வெட்டி எடுப்பது பெரும்பாலும் முடியாது.

இனி சித்தப்பாவின் கேள்வி. கத்தி பட்டதால் புற்று பரவுவதில்லை. பயாப்சி, அதாவது சோதனைக்குத் துண்டு எடுத்ததாலும் பரவாது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு ஆபரேஷன் செய்து, ஆறு மாதத்தில் நோய் திரும்பி வந்ததை ஊரே பார்த்திருக்கிறது. கத்தியின் மேல் பழி விழுந்துவிட்டது. ஆனால் அந்தப் பயத்தில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஸ்கேன் இல்லாமல், திட்டம் இல்லாமல், சாதாரணச் சதை என்று நினைத்துப் பிய்த்துப் பிய்த்து எடுத்து மிச்சம் வைத்தால், அடுத்து செய்கிறவருக்குக் கட்டி எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாமல் போகும். இந்த நோயில் நம் கையில் இருக்கும் பெரிய வாய்ப்பு முதல் முழுமையான ஆபரேஷன்தான். சுற்றிலும் நல்ல சதை ஓரம் விட்டு முழுதாக எடுப்பதுதான் சிகிச்சையின் அடிப்படை, இதில் உலகம் முழுக்க ஒருமித்த கருத்து. அதனால் அதைப் பக்கத்தில் இருக்கிறது, உடனே தேதி கிடைக்கிறது என்பதற்காக எங்கேயோ செய்துவிட வேண்டாம். தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து நிபுணர், தேவைப்பட்டால் நரம்பியல் அறுவை நிபுணர் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுகிற மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை அடையாறில் 1954 முதல் நடக்கும் புற்றுநோய் நிலையம், புதுச்சேரி ஜிப்மர், சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள் எல்லாம் உங்களுக்கு ஓர் இரவுப் பயண தூரம்தான்.

மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப்பில் எடுப்பதா, முகத்தைத் திறந்து எடுப்பதா என்று கேட்பீர்கள். கட்டி மூக்கோடு நிற்கிறது என்றால் அனுபவமுள்ள கையில் எண்டோஸ்கோப் முறை திறந்த முறைக்குக் குறைந்ததில்லை என்றுதான் இதுவரை வந்த ஒப்பீடுகள் சொல்கின்றன. அவை பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துச் செய்தவை, சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த ஆய்வுகள் இல்லை. அதனால் முறையைவிட ஓரம் சுத்தமாகக் கிடைக்கிறதா என்பதைக் கேளுங்கள். கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அதையும் எடுப்பார்கள். இல்லாவிட்டால் கழுத்தைத் தொடுவது வழக்கமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதம் மூக்குக்குள் பொருக்குக் கட்டும். காய்ச்சி ஆறின நீரில் உப்புக் கரைத்துத் தினமும் கழுவ வேண்டும். வாசனை குறையலாம். இவையெல்லாம் முன்பே தெரிந்தால் பயம் இருக்காது.

கதிர்வீச்சை நம் பக்கம் கரண்ட் வைப்பது என்போம். ஆபரேஷனுக்குப் பின் கரண்ட் வைத்தால் அதே இடத்தில் நோய் திரும்புவது குறைகிறது. இது ஓரளவு உறுதி. அதனால் ஆயுள் நீள்கிறதா என்பது உறுதியாகவில்லை, ஏனென்றால் இந்த நோய் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய்த்தான். இருந்தும் பெரும்பாலான இடங்களில் வைக்கச் சொல்வார்கள், நானும் அதையே சொல்வேன். மூக்குக்குள் திரும்பி வளர்ந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருப்பது மனிதரை வாட்டிவிடும். வாரம் ஐந்து நாள், ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு முன் பல் மருத்துவர் பார்த்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் தாடை ஆறாமல் போகலாம். கண், மூளை அருகில் கட்டி இருந்தால் புரோட்டான் கதிர் உதவலாம். சென்னையில் 2019 முதல் ஒரு புரோட்டான் மையம் இருக்கிறது. செலவு மிக அதிகம், எல்லாருக்கும் தேவையும் இல்லை. அதற்காக நிலத்தை விற்பதற்கு முன் சாதாரணக் கதிர்வீச்சிலேயே கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

புது ஊசி என்று நீங்கள் கேட்டது இம்யூனோதெரபி. நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களுக்குப் புற்று போட்டு வைத்திருக்கும் பூட்டைத் திறக்கிற மருந்துகள். அந்தப் பூட்டைத் திறக்கும் வழியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. தோல் மெலனோமாவில் இவை செய்தது பெரிய காரியம். அந்த வெற்றிக் கதைகளைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். மூக்கு, வாய் போன்ற உள்சவ்வு வகையில் பலன் குறைவு. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைத் தனியாகக் கொடுத்ததில் தோல் வகையில் 100க்கு 41 பேருக்குக் கட்டி சுருங்கியது. உள்சவ்வு வகையில் 23 பேருக்கு. அதோடு இபிலிமுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததில் தோல் வகையில் 60 பேர், உள்சவ்வு வகையில் 37 பேர். சேர்த்துக் கொடுக்கும்போது குடல், ஈரல், தைராய்டு, நுரையீரல் என்று கடுமையான பக்கவிளைவும் கூடும். ஆகவே எடுக்கக்கூடிய கட்டியை எடுக்காமல் ஊசியை மட்டும் நம்பி உட்காருவதற்கு இன்று ஆதாரம் இல்லை. எடுக்க முடியாத, அல்லது உடம்பில் பரவிய நிலையில் அதுதான் முதல் மருந்து. ஆபரேஷனுக்கு முன்போ பின்போ சேர்த்துக் கொடுக்கலாமா என்பது இன்னும் முடிவாகாத விஷயம். மருந்து நிபுணர் சிபாரிசு செய்தால் தவறு என்று சொல்ல மாட்டேன். கட்டியின் மரபணுவையும் சோதிக்கச் சொல்லுங்கள். தோல் மெலனோமாவில் அடிக்கடி வரும் பிராஃப் என்ற மரபணு மாற்றம் இதில் குறைவு. கிட் என்ற மாற்றம் சிலருக்கு இருக்கும். அவர்களில் சிலருக்கு, ரத்தப் புற்றுக்குக் கொடுக்கிற இமாட்டினிப் மாத்திரை கேட்கும். அது இம்யூனோதெரபியோடு ஒப்பிட்டால் எத்தனையோ மலிவு. பழைய கீமோ ஊசிகளுக்கு இந்த நோய் அவ்வளவாக மசிவதில்லை.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை வரும். ஆபரேஷனுக்கும் கரண்ட்டுக்கும் கைகொடுக்கும். இம்யூனோதெரபிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அந்தந்த மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்டரில் முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

மீளுவாரா என்பதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். இந்த நோய் வந்த 100 பேரில் ஐந்து வருடம் தாண்டுவது ஏறக்குறைய 20 முதல் 30 பேர். கட்டி சின்னதாக, மூக்கோடு நின்று, ஓரம் சுத்தமாக எடுக்கப்பட்டவர்கள் இதைவிட நன்றாக இருப்பார்கள். சைனஸ் அறைக்குள் தொடங்கினது, எலும்பு தாண்டினது இதைவிட மோசம். பாதிப் பேருக்கு அதே இடத்தில் திரும்பி வரலாம். அதனால் முதல் இரண்டு வருடம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை எண்டோஸ்கோப் பார்க்க வேண்டும். அதை மன்னார்குடி, தஞ்சாவூரிலேயே செய்துகொள்ளலாம். என் ஆறு பேரில் ஒருவர் ஒன்பதாவது வருடம் இப்போதும் நடவுக்குப் போகிறார். அந்தப் பெரியம்மா மூன்று வருடம் இருந்தார், அதில் இரண்டரை வருடம் பேரப்பிள்ளைகளோடு நல்லபடியாக. இரண்டு பேர் ஒரு வருடம் தாண்டவில்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் சொல்லுங்கள். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாத மனிதர், "தை அறுப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். இந்த நோய்க்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஸ்லைடு மறுபடி படிக்கவும் ஸ்கேனுக்கும் இரண்டு வாரம் செலவழிப்பது தவறில்லை. அறுப்புக்காக இரண்டு மாதம் தள்ளுவது தவறு.

சென்னைக்குப் போகிற வழியில் ரத்தம் வந்தால் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை இரண்டு விரலால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். அண்ணாந்து பார்க்க வைத்தால் ரத்தம் வயிற்றுக்குள் போய் வாந்தி வரும். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். 20 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் சென்னை வரை காத்திருக்காமல் வழியில் வருகிற அரசு மருத்துவமனையில் இறங்கிவிடுங்கள். ரிப்போர்ட், ஸ்லைடு, பிளாக் இருக்கிற பை உங்கள் மடியிலேயே இருக்கட்டும், மேல் தட்டில் வைக்காதீர்கள்.